பவுடர் அண்ணையின் மரை

பவுடர் அண்ணையைப் போன்ற சந்தேகப் பிராணி இந்த ஆஸ்திரேலியாக் கண்டத்திலேயே கிடையாது. மற்றவர்கள் மனிதர்களைச் சந்தேகப்படுவார்கள். அவர் காற்றையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்.

வெரிபீயில் எங்களுக்குப் பக்கத்து வீடு. சனிக்கிழமைகளில் வில்லும் அம்புமாக மூன்று மணி நேரம் கிழக்கே கார் ஓட்டி மலைக்குப் போவார், மரை வேட்டைக்கு. நாங்கள் கடமான் என்பதுதான் யாழ்ப்பாணத்தாருக்கு மரை. அதற்கு மூக்கு பொல்லாதது. அதனால் சின்னப் புட்டியில் பவுடர் வைத்திருப்பார். பீய்ச்சினால் காற்றின் திசை தெரியும். பழக்க தோஷத்தில் கல்யாண மண்டபத்திலும் பீய்ச்சிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஐந்து வருடமாக அவருக்கு ஒரே மரைதான் குறி. கொம்பு உதிர்ந்து முளைத்தாலும் இடக்கொம்பு மட்டும் வளைந்தே முளைக்குமாம். வசந்தத்தில் எந்தச் சேற்றில் புரளும், குளிர்காலத்தில் எந்த வடக்குச் சரிவில் வெயில் காயும் என்பதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இடத்தின் பெயரை மட்டும் எழுதமாட்டார். மரத்தில் கட்டிய கேமரா எடுத்த படத்தையாவது காட்டுங்கள் என்றேன்.

"காட்டினா, பின்னாலை நிக்கிற மரத்தை வச்சு இடத்தைப் பிடிச்சிடுவீர் தம்பி."

ஒருநாள் அவர் கிளம்பும்போது வாய் தவறி, "எங்கண்ணே போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். புறப்படுகிறவரை அப்படிக் கேட்கலாமா? உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி புறப்பட்டார். அன்றும் வெறுங்கையோடுதான் திரும்பினார். பழி என் தலையில் விழுந்தது.

புதன்கிழமைக்குப் பிறகு அவர் வீட்டில் தாளிக்கத் தடை. சட்டையில் வாசம் ஏறிவிடுமாம். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, எங்கள் கராஜில் அடுப்பு வைத்துச் சமைத்தார். ஐந்து வருடத்தில் ஒரு துண்டு இறைச்சிகூட வரவில்லை. மரையே கிடையாது, எல்லாம் புளுகு என்று தெருவே முடிவு கட்டியது. அக்காவின் சந்தேகம் வேறு.

"உடுப்பை ஷெட்டுக்கை ஒளிச்சு வைக்கிறார், போனை நிப்பாட்டி வைக்கிறார். வேறை வீடு வச்சிருக்கிறாரோ தம்பி?"

இருப்பிடம் காட்டும்படி செய்த பழைய போன் ஒன்றை அவர் காரின் ஸ்பேர் டயருக்குள் அக்கா செருகிவிட்டார். சனிக்கிழமை என் காரில் அதைப் பின்தொடர்ந்தோம். வழிக்கு வேண்டுமே என்று விடியற்காலையிலேயே வெந்தயம் தாளித்துச் சோறு கட்டியிருந்தார்.

மலையடியில் அண்ணையின் கார் நின்றது. சேற்றில் பதிந்த பூட்ஸ் தடத்தைப் பிடித்து ஏறினோம். திடீரென்று அக்கா என் கையைப் பிடித்தார். கீழே ஒரு மரத்தின் மறைவில் அண்ணை நாணை இழுத்தபடி நின்றார். அவருக்கு முப்பது மீட்டர் முன்னால் மரை. குதிரை உயரம் இருக்கும்.

அதுவரை முகத்தில் அடித்த காற்று சட்டென்று திரும்பி எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. மரை தலை தூக்கியது, லாரி ஹாரன் போல ஒரு சத்தம் போட்டது, போயே போய்விட்டது.

அண்ணை நாணை மெல்லத் தளர்த்தினார். திரும்பாமலே மூக்கை உறிஞ்சினார்.

"நீயோ வந்தனீ?"

அக்கா அழுதுவிட்டார். "வேறை ஆரும் இருக்கினமோ எண்டு நினைச்சிட்டன்."

"உவர் என்னத்துக்கு?" என்று என் பக்கம் திரும்பினார்.

"கார் ஓட்ட வந்தேண்ணே."

ஐந்து வருட உழைப்பு கண்ணெதிரே ஓடிவிட்டது. அந்த அம்பு எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அக்காவிடம் ஏறி வந்தார்.

"கொம்பைப் பாத்தனியோ?"

"ஓம்."

"இடப்பக்கம்?"

"வளைஞ்சுதான் இருக்கு."

வில்லைப் புல்லில் வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப நான் பொய் சொல்லேல்லை, என்ன?" என்று சின்னப்பிள்ளை போலக் கேட்டார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதருக்கு, ஊர் தன்னைச் சந்தேகப்பட்டது இத்தனை நாளாக உறுத்தியிருக்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த மரை பிறகு அந்தச் சரிவுக்கு வரவேயில்லை. இப்போது இரண்டு பேருமாகப் புது இடம் தேடிப் போகிறார்கள். எந்த இடம் என்று அக்காவும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. ஆனால் சனிக்கிழமை மாலை அவர்களுடைய கார் வந்து நிற்கும் வரை எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.