ஸ்காட்லாந்துப் புல்வெளி, வெஸ்ட் வின்ட்சர் கிளை

வெஸ்ட் வின்ட்சர், நியூஜெர்சி
14 ஜூன் 1986

மிகுந்த மரியாதைக்குரிய ஜார்ஜ் அத்தான் அவர்களுக்கு,

தங்கை புருஷன் சுவிசேஷமுத்து எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் தங்கை ஜெயலீலாவும் ஒரே வீட்டில் சுகமாயிருக்கிறோம், பேச்சுவார்த்தைதான் இல்லை. பிளானோவில் நீங்களும் மதினியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

காரணம், எங்கள் வீட்டு முன்வாசல் புல். முழங்காலுக்கு வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை நம் வீட்டில் ஜெபக்கூட்டம். அதற்குள் வெட்டாவிட்டால், வருகிறவர்களை நான் புல்லுக்குள் நின்றே வரவேற்று, அங்கேயே ஜெபித்து வழியனுப்ப வேண்டுமாம், உங்கள் தங்கையின் உத்தரவு. போதாததற்கு யாரோ ஒரு புண்ணியவான் புகார் எழுதி, புல்லை வெட்டச் சொல்லி டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வேறு. நீங்கள் சொன்னால்தான் உங்கள் தங்கை கேட்பாள். ஆகவே இதைப் பொறுமையாகப் படித்துவிட்டு அவளுக்கு ஒரு போன் போட்டு, புல் அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு ஃப்ரேசர் ஸ்காட்லாந்துக்காரர், கடலோரத்தில் பிறந்தவர். கோல்ஃப் வளர்ந்ததே அவங்க ஊர்ப் பக்கத்துக் கடற்கரையிலதானாம். கடலுக்கும் வயலுக்கும் நடுவில, விதைச்சா ஒண்ணும் விளையாத மணல்மேடு, அதுக்குப் பேரு லிங்க்ஸ். அந்த மைதானத்தை யாரும் போடலை அத்தான். காத்து மேட்டைக் குவிச்சது, முயல் புல்லைக் கடிச்சது, குளிருக்கு ஒதுங்கின ஆடு படுத்துப் படுத்தே மணல்குழி உண்டாச்சு. பந்து மேட்டில பட்டு எந்தப் பக்கம் போகும்னு அடிச்சவனுக்கே தெரியாது, அதுதான் அதில ருசியே. ஜனங்க வில்வித்தையை விட்டுட்டு இதே வேலையா அலையுதேன்னு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால ராஜா தடையே போட்டார், ஒருத்தரும் கேக்கலை. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இருக்கிற பழைய மைதானத்துக்கு ஞாயித்துக்கிழமை ஓய்வாம். ஒரு மைதானமே ஓய்வுநாளை ஆசரிக்கிறப்போ, நான் அன்னைக்குப் புல்வெட்டுற மெஷினைத் தள்ளினா நல்லாவா இருக்கும்? சனிக்கிழமை பாடகர் குழு பிராக்டீஸ், மத்த நாள் ஆபீஸ்.

இப்போ நம்ம வாசலுக்கு வாங்க. மேடு இருக்கு. முயல் ரெண்டு குடும்பம் இருக்கு. குழியை நம்ம சின்ன மக எலிசாக்குட்டி தோண்டிட்டா. ஆடு மட்டும்தான் இல்லை; வாங்கலாமான்னு கேட்டதுக்குத்தான் உங்க தங்கை பேச்சை நிறுத்தினா. நேத்து ஃப்ரேசர் வேலியோரம் நின்னு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்படியே எங்க ஊர்"னு சொல்லிக் கண் கலங்கிட்டார். ஊர் உலகமெல்லாம் பிளேன் பிடிச்சுப் போய்ப் பார்க்கிறதை இங்கே வெட்டச் சொல்றது நியாயமா?

மதினிக்கு ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டுப் புல்லும் தடையின்றி வளர்வதாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
சுவிசேஷமுத்து

பி.கு.: போன் போட வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் ஃப்ரேசர் தன் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். டவுன்ஷிப்புக்கு எழுதின புண்ணியவானே அவர்தானாம். ஊர் ஞாபகத்தில்தானே நேற்று அழுதீர்கள் என்று கேட்டேன். "ஆமா. அந்தப் புல்லும் காத்தும் வேண்டாம்னுதானே கப்பலேறினேன். இங்கேயும் வந்து நின்னா அழாம என்ன செய்றது?" என்றார். உங்கள் தங்கை விழுந்து விழுந்து சிரித்ததில் பேச்சும் வந்துவிட்டது. நாளை ஞாயிறுதான். ஆராதனை முடிந்து வந்ததும் வெட்டிவிடுகிறேன்.