முதல் வரிசையில் ஒரு கைக்குட்டை

விமானத்தில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தவள் நான்தான். மறுத்துப் பயனில்லை. சாட்சிகள் ஒரு விமானம் நிறைய இருக்கிறார்கள்.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கு இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் போய்க் கணக்கு டீச்சர் வேலை பார்த்தவள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிவேன். அது விழுந்த இடம் என்னுடையது. ஒருவரும் ஆட்சேபித்ததில்லை (கண்டக்டர் உட்பட).

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த நான்காம் மாதம், திருச்சியிலிருந்து சென்னைக்குப் பறக்க வேண்டியிருந்தது. அன்றே தம்பி ஆரோக்கியத்தின் மகனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான். பத்து வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. என் இடுப்புக்காக இரண்டு தடவை தேதியைத் தள்ளி வைத்திருந்தான் தம்பி. கோயிலில் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நடைப்பயிற்சி செய்தேன்.

இடுப்பு முழங்காலைவிடத் தாழக் கூடாது, காலை நீட்டி உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“முன்வரிசை சீட்டைக் காசு கட்டி வாங்கிடலாம்,” என்றார் என் கணவர் சூசை.

“எதுக்குங்க? வீல்சேர்ல வர்றவங்களைத்தான் முதல்ல ஏத்துவாங்களாம். நானே பிடிச்சுக்கிறேன்.”

அப்படியே ஏற்றினார்கள். முதல் வரிசை காலியாக, கால் நீட்ட ஏக இடத்தோடு கிடந்தது. கைக்குட்டையைப் போட்டேன். அதன் மேல் இலவம்பஞ்சுத் தலையணை, அதன் மேல் நான். சூசை பதினான்காவது வரிசைக்குப் போய், என்னை முன்பின் தெரியாதவர்போல உட்கார்ந்துகொண்டார்.

கடைசியாக ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்தார். “அம்மா, இது என் சீட்டுங்க.”

“கர்ச்சீப் போட்டிருக்கேன் சார்.”

எடுத்துக் காட்டினேன். மனிதர் கும்பகோணத்துக்காரர். பஸ் சட்டம் தெரிந்தவர். ஒரு கணம் தடுமாறினார். “போட்டிருக்கீங்க, சரிங்க. ஆனா சீட்டு நம்பர் என்னுதாச்சே?”

“உடம்பு முடியாதவங்கய்யா, உட்காரட்டும்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “அப்ப நாங்கள்லாம் எதுக்குய்யா நம்பர் பார்த்து உட்கார்ந்தோம்?” என்றது இன்னொன்று. விமானப் பணிப்பெண்ணுக்கு வடநாடு. ஒன்பதாம் வகுப்புக்குத் தேற்றம் நடத்துவதுபோலக் கைக்குட்டை விதியை அவளுக்கு விளக்கினேன். அவள் நம்பரை மட்டும் காட்டினாள்.

கடைசியில், பெருந்தன்மையாக எழுந்துகொள்ள முடிவு செய்தேன். முடியவில்லை. பஞ்சு அமுங்கி இடுப்பு தாழ்ந்து, கால் மரத்துப் போயிருந்தது. வீல்சேரை மறுபடி வரவழைத்தார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். விமானியே வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐம்பது நிமிடம் தாமதம் என்று மூன்று மொழியில் அறிவித்தார்கள்.

சூசை எனக்கு எடுத்து வைத்திருந்தது அவர் பக்கத்திலேயே நடைபாதை ஓரத்து இருக்கை. அங்கே காலைத் தாராளமாக நீட்ட முடிந்தது. வலியே இல்லை. மணியைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

கோயிலுக்குப் போனபோது எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அடுத்து ஒரு கல்யாணம் இருந்ததால் சாமியாரால் காத்திருக்க முடியவில்லை. எனக்குப் பதிலாகத் தம்பியின் மைத்துனி பிள்ளையை ஏந்தி நின்றிருக்கிறாள். வாசலிலேயே நான் அழுதுவிட்டேன்.

“பரவால்லக்கா, பத்திரமா வந்து சேர்ந்தியே,” என்றான் தம்பி. திட்டியிருக்கலாம்.

மூன்று வருடமாகிறது. கோயில் பதிவேட்டில் ஞானத்தாயாக என் பெயர் இருக்கிறது, போட்டோவில் அவள் இருக்கிறாள். “இவங்கதான் எங்கக்கா, பிளேனையே நிறுத்தி வச்சவங்க,” என்றுதான் தம்பி என்னை அறிமுகப்படுத்துகிறான். எந்த விசேஷத்திலும் அந்தக் கதையை முதலில் கேட்பவன் அவன் மகன்தான். எத்தனை தடவை கேட்டாலும் முடிவில் அதே சந்தேகம் அவனுக்கு.

“உங்களை நாலு பேரு தூக்கினாங்கல்ல அத்தை? அப்ப நீங்க ஏன் என்னைத் தூக்கல?”

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.