நாவலுக்கு ஆள் தேடி ராதாபுரம் போன கதை

மனுசனைப் பார்க்காமல் நாவல் எழுதுவது உப்பில்லாமல் ரசம் வைக்கிற மாதிரி. நான் ஒரு அண்டா நிறைய வைத்திருந்தேன். வாசித்துப் பார்த்த பதிப்பகத்துக்காரர், "நாயகி நல்லாத்தான் இருக்கா, உயிர்தான் இல்ல" என்றார். என்ன பயம், என்ன ஆசை, எதை மறைக்கிறாய் என்று கதாபாத்திரத்திடம் கேட்டால் உயிர் வந்துவிடும் என்று எங்கேயோ படித்தேன். (தலைவிதி, அதை நம்பினேன்.)

அந்த வாரம் தச்சநல்லூரில் என் பக்கத்து வீட்டு முருகேசனுக்கு ராதாபுரத்தில் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். அப்பா, அம்மா, அவன். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகலாமா? அவன் அம்மா என்னை நாலாவது ஆளாக இழுத்துக்கொண்டாள்.

"ஏலே, பெரியம்மா மவன்னு சொல்லிருதேன். நீதான் நிறையப் பேசணும். இவன் வாயத் தொறக்கப்படாது, கேட்டியா?"

முருகேசனுக்குத் திக்கும். வந்த சம்பந்தமெல்லாம் அதனாலேயே தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனிமேல் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொல்லியிருந்தான்.

பெண் வீட்டில் நானும் பேசினேன். வாழைக்காய் பஜ்ஜி வரும்வரை மழை, பனங்கிழங்கு, பஸ் வசதி என்று ஒன்றையும் விடவில்லை. கல்யாணப் பெண் பேச்சியம்மாள் காபித் தட்டோடு வந்து நின்றாள். குனியாமல் நேரே முகத்தைப் பார்க்கிறவள். எனக்குள் இருந்த நாவலாசிரியன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"உங்களுக்கு எதைக் கண்டாம்மா பயம்?"

"பேசாத ஆளுன்னா பயம் அண்ணாச்சி. மனசுல என்ன இருக்குன்னு தெரியாதுல்லா."

முருகேசனின் அம்மா கண்ணை உருட்டினாள். நிறுத்தினேனா?

"சரி, எதை மறைக்கிறீங்க?"

பெண்ணின் அப்பா துள்ளி எழுந்தார். "என் மவ என்னத்தவே மறைக்கா? நீரு யாருவே?"

பயத்தில் உண்மை வந்துவிட்டது. "பக்கத்து வீடு. நாவல் எழுதுதேன்."

"நாவலுக்கா எம் பொண்ணு?" அவர் வாசலைக் காட்டினார். முருகேசனின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் செருப்பைத் தேடினேன்.

"இருங்கப்பா" என்றாள் பேச்சி. "அவ்வொ கேட்டதுல என்ன தப்பு? எனக்குக் கோவம் வந்தா தட்டு பறக்கும். அதச் சொல்லாதேன்னு நீங்கதான சொன்னிய?" பிறகு முருகேசனைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க என்ன மறைக்கிய?"

அவன் எழுந்து நின்றான். நெற்றியெல்லாம் வேர்வை.

"எ... எனக்குத் தி... திக்கும். பே... பேசாதேன்னு அம்மா..." மேற்கொண்டு வரவில்லை.

பேச்சி தட்டைக் கீழே வைத்தாள்.

"பைய சொல்லுங்க. எனக்கு என்ன அவசரம்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பெண் அவள்! அவனும்தான், என்ன ஒரு தைரியம்! அண்டா நிறைய எழுதியும் இப்படி ஒரு வரி என் பேனாவில் வந்ததில்லை.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். அவளை வைத்தே நாயகியைத் திருத்தி எழுதி, அவளிடமே வாசிக்கக் கொடுத்தேன். "என்ன அண்ணாச்சி, இவ ஒரு தட்டுகூட எறியல?" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

இப்போது மகளோடு சேர்த்து அவர்கள் மூன்று பேர். கோயிலுக்கோ பாபநாசத்துக்கோ கிளம்பும்போதெல்லாம் பேச்சி மதில்மேல் எட்டிப் பார்த்துக் கூப்பிடுவாள்.

"அண்ணாச்சி, மூணு பேராப் போறோம், வாறியளா? அங்கன வந்து வாயத் தொறக்கப்படாது, கேட்டியளா?"