சிலந்தி தோஷ நிவர்த்தி

அந்த ஆவணி மாதம் வட்டுக்கோட்டைக்குப் போகிற மினிபஸ்ஸில் நிற்க இடமில்லை. ஏறியவர்களில் பாதிப் பேரின் மடியில் மடிக்கணினி. மீதிப் பேர் வீட்டு ரவுட்டரைக் கழற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோவது போல நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். எல்லோரும் இறங்கிய இடம் ஒன்றுதான்: சுவாமி அல்கொரிதானந்தரின் ஆச்சிரமம்.

சுவாமியின் பூர்வாசிரமப் பெயர் குகதாசன். சந்தியில் போன் உறை விற்றவர். கடை படுத்தது, தாடி வளர்ந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன. போனுக்கு உறை போட்ட கை, பிறகு ஊருக்கே உறை போட்டது.

அவருடைய தத்துவம் எளிமையானது. கூகிளுக்குச் சிலந்திகள் உண்டு. அவை இரவு பகலாக இணையத்தில் ஊர்ந்து பக்கங்களைப் படிக்கும். இதுவரைக்கும் உண்மை. கூகிள் ஏவிவிடுகிற நிரல்களுக்குச் செல்லப் பெயர் சிலந்திதான். ஆனால் சுவாமி அந்த இடத்தில் நிற்கவில்லை. சில பக்கங்களுக்குச் சிலந்தி தோஷம் இருக்கிறதாம். அந்தப் பக்கம் சிலந்தி எட்டியும் பாராதாம். பரிகாரம்: ரவுட்டருக்குக் கீழே செப்புத் தகடு, மேலே எலுமிச்சம்பழம் எட்டு. சிலந்திக்கு எட்டுக் கால் அல்லவா? அறிவியல் ஆதாரம் இல்லாமல் சுவாமி எதையும் செய்வதில்லை. கரையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் வந்தால் எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக மெழுகுதிரி. தோஷம் எல்லா மதத்துக்கும் பொது, தட்சணையும் பொது.

இப்படி மெய்மறந்து போனவர்களில் இணுவில் சுபாஸ்கரனும் ஒருவர். பந்தல், கதிரை, விருந்துச் சமையலுக்கான பெரிய கிடாரம் வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். நல்ல மனிதர், சுத்தமான கிடாரம். கனடாவில் இருக்கிற மைத்துனர் ஆசையாக ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தார். அதைத் திறந்தால் தானாகவே நாதஸ்வரம் வாசிக்கும். குத்துவிளக்கு ஒன்று சுடர்விட்டு ஆடும். பிறகு கலியாணக் கார்ட் மாதிரி ஒரு பெரிய படம் வரும். அதில் சுபாஸ்கரன் கைகூப்பி நிற்பார். தலைக்கு மேலே "இன்பத்தின் நிழல், உறவின் குடை" என்று இருக்கும். அவர் விற்பது குடையா, நிழலா, காப்புறுதியா என்று யாருக்கும் விளங்காது. போன் நம்பர்கூட அந்தப் படத்துக்குள்ளேயே கரைந்து கிடந்தது. பந்தல் என்ற சொல் எழுத்தாக எங்கேயும் இல்லை.

ஒரு வருடமாக அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒருவரும் அழைக்கவில்லை. அதையும் அவர் தாங்கியிருப்பார். ஆனால் அதே ஒழுங்கையில் இருக்கிற தங்கமுத்து, தன் மகளின் கலியாணத்துக்கு வேறு ஊரிலிருந்து பந்தல் கொண்டுவந்து போட்டார்.

"குறை நினையாதையும் சுபாஸ்கரன்," என்றார் தங்கமுத்து. "பிள்ளையள் போனிலை தேடினதுகள். உவையள்தான் வந்தினம். நீர் வரேல்லை."

தன் வீட்டு மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்நியப் பந்தல். அந்தக் கலியாணத்தில் அவருக்குப் பாயாசம் இறங்கவில்லை. அடுத்த நாளே வட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினார்.

சுபாஸ்கரன் கொண்டுபோன மடிக்கணினியின் மேல் சுவாமி கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"தோஷம் முத்திப்போச்சு. பேரிலையும் பிழை. 'சுபா பந்தல்' எண்டால் எண்கணிதம் உதைக்குது. 'சூபாஹ் பந்தால்ஸ்ஸ்' எண்டு மாத்தும்."

"கடைசியிலை ரெண்டு ஸ்ஸோ சாமி?"

"ஒண்டு போட்டால் சனி நிப்பான்."

பெயர் மாறியது. வெப்சைட்டின் விலாசமும் மாறியது. பூசை முடிந்து சில நாட்களில் சுவாமி எல்லோருக்கும் முன்னால் சுபாஸ்கரனின் போனையே வாங்கி, "சூபாஹ் பந்தால்ஸ்ஸ்" என்று தட்டினார். முதலாவதாக வந்து நின்றது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சுபாஸ்கரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் மனைவி உதயகலா போனை வாங்கிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, உந்தப் பேரை ஆர் தேடுவினம்? எனக்கே வாய்க்குள்ளை வருகுதில்லை."

"கூகிளுக்கு வருகுது," என்றார் சுபாஸ்கரன் பெருமையாக.

அதற்குப் பிறகும் போன் அடிக்கவில்லை. அடித்ததெல்லாம் சுவாமிதான். "முதலிட மகா யாகம்" வைக்கப்போகிறாராம். பந்தலும் கதிரையும் கிடாரமும் சுபாஸ்கரனின் உபயம். மேடையில் ஏறிச் சாட்சி சொல்வதும் அவருடைய பாக்கியம். அதே நாளில் மானிப்பாயில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் கலியாணம். அவருக்கு முடியாது என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது நாக்குக் கூசியது. ஆனாலும் சொன்னார்.

யாகத்தன்று கூட்டமென்றால் கூட்டம். பேக்கரிக்காரர், டியூசன்காரர், சாமத்தியவீட்டுப் பூப்புச் சடங்கைப் படம் பிடிக்கிறவர், பல் டாக்டர் ஒருவர்கூட. ரவுட்டர்கள் வரிசையாக வாழையிலையில் அமர்ந்திருந்தன. கிடாரத்தில் சாம்பார் கொதித்தது. சுவாமி ஒலிவாங்கியைச் சுபாஸ்கரனிடம் நீட்டினார்.

"சொல்லும். பூசைக்கு முதல் எங்கை நிண்டனீர்?"

"நான் எங்கையும் நிக்கேல்லை சாமி."

"இப்ப?"

"முதலாவது."

கரகோஷம். அது அடங்கும்போது முன்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள். குருநகர் யசிந்தா. இறாலும் நண்டும் கணவாயும் வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் அனுப்புகிறவள். அவளுடைய கையில் இன்னும் கொளுத்தாத மெழுகுதிரி.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். முதலாவதா வந்த பிறகு எத்தினை ஓடர் வந்தது?"

சுபாஸ்கரன் வாயைத் திறந்தார். ஒலிவாங்கி 'கீ' என்று கத்தியது. அவர் சுவாமியைப் பார்த்தார். சுவாமி பந்தல் கூரையைப் பார்த்தார். பொய் சொல்லலாம், யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மானிப்பாய்க்காரரின் குரல் காதுக்குள் இருந்தது.

"ஒண்டும் வரேல்லை, தங்கச்சி," என்றார். பந்தல் முழுக்கக் கேட்டது.

"அப்ப முதலாவதா வந்து என்ன பிரியோசனம்?" என்றாள் யசிந்தா. "சாமி, நான் இண்டைக்குத்தான் முதல்முதலா வந்தனான். எனக்கு இன்னும் ஒரு பூசையும் செய்யேல்லை. என்ன, சரியோ?"

"ஓம். தோஷம் அப்பிடியே கிடக்குது. முகத்திலை தெரியுது."

"நல்லது. என்ரை பேரைத் தட்டுங்கோ. 'யசிந்தா கடலுணவு குருநகர்'."

சுவாமி தயங்கினார். பக்கத்தில் இருந்த பல் டாக்டர் தன் போனிலேயே தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"முதலாவதா நிக்குது," என்றார்.

"தோஷத்தோடையோ?" என்று பின்னால் யாரோ கேட்டார்.

"ஒரு ஆளின்ரை முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டால் அந்த ஆள்தானே திரும்பிப் பாக்கும்," என்றாள் யசிந்தா. "உதிலை என்ன அற்புதம்? அண்ணைக்கு வைச்ச பேர் உலகத்திலையே வேறை ஒருத்தருக்கும் இல்லை. அதோடை ஆர் போட்டிக்கு வாறது? என்ரை பேர் தெரியாத ஆக்கள் இறால் எண்டுதான் தேடுவினம். அப்பிடித் தேடினால் நான் கீழை எங்கையோ கிடக்கிறன். அதுக்கு வழி கேக்கத்தான் வந்தனான்."

சுவாமி சிரித்தார். "பிள்ளை, இண்டைக்குச் சனிக்கிழமை. சிலந்தி விரதம். பலன் பிசகும்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். சிலந்திக்கு விரதம் உண்டு என்று அவர்கள் ஏற்கெனவே சந்தேகித்திருந்தார்கள் போல.

சுபாஸ்கரன் தலையாட்டவில்லை. மேடையிலேயே தன் போனை எடுத்து, "இணுவில் பந்தல் வாடகை" என்று தட்டினார். தங்கமுத்துவின் பிள்ளைகள் தட்டியதும் இதைத்தானே? அதே வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். பிறகு வேறு சிலர். அவர் கீழே, இன்னும் கீழே என்று விரலால் தள்ளிக்கொண்டே போனார். சூபாஹ்வும் இல்லை, பந்தால்ஸ்ஸும் இல்லை.

"சாமி, உங்கடையையும் ஒருக்கா பாப்பம்," என்றார். "இஞ்சை வந்த சனமெல்லாம் என்னத்தைத் தேடித் திரியுதோ, அதையே தட்டுறன். 'வெப்சைட் முதலில் வர என்ன செய்ய வேண்டும்.'"

தட்டினார். ஒலிவாங்கியை வாயருகே வைத்துக்கொண்டு வந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் பக்கம் முடிந்தது. அடுத்த பக்கமும் முடிந்தது. அல்கொரிதானந்தர் எங்கேயும் இல்லை.

"உவருக்கும் தோஷம்," என்றார் பேக்கரிக்காரர். பந்தல் குலுங்கச் சிரித்தது.

சுவாமி தியானத்துக்கென்று மேடைத் திரைக்குப் பின்னால் போனார். தியானம் முடிந்து வந்து யாகத்தை நடத்துவார் என்று கொஞ்சப் பேர் இன்னும் கைகூப்பி இருந்தார்கள். சுபாஸ்கரன் தன் வேலையாட்களைப் பார்த்தார்.

"தம்பியவை, கழட்டுங்கோ. முதல்லை திரை."

திரை விழுந்தது. சுவாமி பின்வேலியில் நின்றார். ஒரு கால் அந்தப் பக்கம், மறு கால் இந்தப் பக்கம், தோளில் தட்சணைப் பை. காவி வேட்டியைக் காய்ந்த பனைமட்டை கவ்விப் பிடித்திருந்தது. காலடியில் செப்புத் தகடுகள் சிதறிக் கிடந்தன. டியூசன்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பினார். மறுபக்கத்தில் கிறீம் பிஸ்கட் படம். தகர ரின்னை வெட்டிச் செப்பு நிறம் பூசியிருந்தார்கள்.

சுவாமி வேட்டியை வேலிக்குக் கொடுத்துவிட்டு, பையையும் கூட்டத்தினரிடம் பறிகொடுத்து, கட்டைக் காற்சட்டையோடு வயலுக்குள் இறங்கினார். அவ்வளவு வேகமாக எந்த இணையத்தளமும் திறந்து யாரும் பார்த்ததில்லை. சனம் ரவுட்டர்களைத் தூக்கிக்கொண்டது. சாம்பாரையும் விட்டுவைக்கவில்லை. ஏமாந்த வயிற்றுக்கும் பசிக்கும்தானே.

கதிரைகளை அடுக்கும்போது சுபாஸ்கரன் யசிந்தாவிடம் வந்தார். "தங்கச்சி, உம்மடை போனிலை என்ரை பக்கத்தைத் திறந்து பாரும். நீர் பந்தல் தேடுற ஆள் எண்டு நினைச்சுக்கொள்ளும்."

நாதஸ்வரம் முழங்கியது. யசிந்தா திடுக்கிட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். "கலியாணம் முடிஞ்சுதெண்டு நினைச்சன்," என்றாள். "நீங்கள் என்ன விக்கிறியள் எண்டு ஒரு இடத்திலையும் எழுதேல்லையே அண்ணை."

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உதயகலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். பழைய பெயர் திரும்பி வந்தது. "இணுவிலில் பந்தல், கதிரை, கிடாரம் வாடகைக்கு" என்பது தலைப்பு. போன் நம்பர் படத்துக்குள்ளிருந்து வெளியே வந்து எழுத்தாக நின்றது. சனம் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதினார்: மழை வந்தால் ஒழுகுமா, கிடாரத்தில் எவ்வளவு சோறு அவியும், தீவுப் பகுதிக்கும் வருவார்களா. போட்ட பந்தல்களின் படங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த ஊர், என்ன விசேஷம் என்று எழுதினார். மானிப்பாய்க்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. பல வாரம் போயிற்று. பிறகு ஒரு நாள் சாவகச்சேரியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தார். போனில் தேடினாராம். முதலாவதாக இல்லை, நாலாவதோ ஐந்தாவதோ என்றார். சுபாஸ்கரனுக்கு அது போதும். அதற்குப் பிறகு ஒன்று, இரண்டு என்று வரத் தொடங்கின.

சேதி கேட்டுத் தங்கமுத்து வந்தார். அவருடைய மகன் புதிதாகப் பலகை விற்கிற மரக்காலை தொடங்கி, அதற்கு வெப்சைட்டும் செய்திருந்தான். கிழவர் மெல்லக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லும். பக்கத்தை மாத்தி எழுதினீரெல்லே. எந்த நாள் பாத்து எழுதினனீர்?"

"நாள் பாக்கேல்லை அண்ணை," என்றார் சுபாஸ்கரன். "யோசிச்சுப் பாத்தனான். நீங்களும் ஒருக்கா பாருங்கோ. அதுக்கு ராகுகாலம் இல்லை."