இரண்டாம் பாகத்தை நம்பி நெய்த சேலை

அந்த ஆண்டு எங்கள் குடும்பம் முழுமனதாக நம்பிய ஒன்று உண்டு: முதல் பாகம் ஓடிய படத்தின் இரண்டாம் பாகம் அதைவிட நன்றாக ஓடும். இந்த நம்பிக்கைக்கு ஒரே ஆதாரம் நான். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் ஆங்கில வார இதழ்களைப் புரட்டுவேன். இரண்டாம் பாகத்துக்குப் பணத்தை வாரி இறைத்திருக்கிறார்கள் என்று அவற்றில் படித்துவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது அறிவித்தேன். செலவு கூடினால் படமும் கூடும் என்பது என் அன்றைய பொருளாதாரக் கொள்கை. (மறுத்துச் சொல்ல வீட்டில் வேறு யாரும் ஆங்கிலம் படிக்கவில்லை.)

ஆங்கிலப் படமான முதல் பாகம் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் காஞ்சிபுரத்தில் வாரக்கணக்கில் ஓடியிருந்தது. வேறொரு கிரகத்திலிருந்து வட்டமான வெள்ளிக் கப்பல் ஒன்று பறந்து வந்து, வெள்ளத்தில் சிக்கிய ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டுப் போகும். ஊரே அந்தக் கப்பலை நேசித்தது. ஆட்டோக்களின் முதுகில்கூட வரைந்து வைத்தார்கள்.

அப்பா சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். தீபாவளி நேரத்தில் எந்தப் படம் ஓடுகிறதோ அதன் பெயரைக் கடைக்காரர்கள் ஏதாவதொரு சேலைக்குச் சூட்டிவிடுவது வழக்கம். சேலைக்கும் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இராது. அப்பா நெய்த மாங்காய்க் கரையும் மயில் முந்தானையும் அப்படித்தான் யார் யார் பெயரிலோ விலைபோயின. அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தன் தறியில் பிறந்த சேலை ஒன்றை, அதற்கென்றே உள்ள பெயரைச் சொல்லி, யாராவது ஒருவர் கடையில் கேட்க வேண்டும்.

“படம் வந்தப்புறம் நெய்ய ஆரம்பிச்சா தீபாவளி போயிடும். முன்னாடியே நெய்யணும்,” என்றார் அப்பா. “நிஜமா ஓடுமாம்மா?”

“ஓடும்ப்பா. புத்தகத்துலயே போட்டிருக்குது.”

கப்பலை வரைந்து கொடுத்தவளும் நானே. படத்தின் பெயரையே சேலைக்கும் வைத்தோம். சேலை முழுக்கச் சிறிய ஜரிகைக் கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் தரையில் இறங்க நான்கு கால்கள், முன்னால் ஒரு விளக்கு, நடுவே மூன்று ஜன்னல்கள். முதல் சேலை தறியிலிருந்து இறங்கியதும் சித்தி அதை விரித்துப் பார்த்தார். அம்மாவின் தங்கையான அவர் எங்களோடுதான் இருந்தார். எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

“பறக்கறதுக்கு எதுக்குடி காலு?”

“இறங்கினா நிக்க வேணாமா சித்தி? அது சயின்ஸு.”

“சயின்ஸுன்னா சரி,” என்று மடித்து வைத்துவிட்டார்.

டிசைன் வெளியே தெரிந்தால் பத்துத் தறியில் ஏறிவிடும் என்பதால், எங்களிடம் சேலை வாங்கும் கடையின் மேனேஜரிடம் அப்பா எதையும் காட்டவில்லை. “புதுசா ஒண்ணு இருக்குது சார். படம் பார்க்க வாங்க, அங்கயே காட்டறேன்,” என்று மட்டும் சொல்லியிருந்தார். அம்மா, சித்தி, நான் மூவரும் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் நாள் முதல் காட்சிக்குப் போவது என்பது என் யோசனை. விளம்பரத்தைப் பற்றியும் நான் படித்திருந்தேன். பகல் காட்சி, மின்விசிறி சுற்றாத வரிசை, உடம்பில் கனத்த பட்டு. ஆனாலும் மணப்பெண்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன் வரிசையில் அப்பாவும் மேனேஜரும்.

படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே கப்பல் வெடித்துத் தூள் தூளாகிவிட்டது.

“கனவா இருக்கும்மா,” என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன்.

கனவு இல்லை. அதன்பின் கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் கோட்டுப் போட்டவர்கள் நின்றுகொண்டு பேசினார்கள். முதல் பாகத்துக் குழந்தை வளர்ந்து விஞ்ஞானியாகி, அவனும் வந்து பேசினான். செலவழித்த பணம் முழுவதும் அந்தக் கண்ணாடிக்கே போயிருக்க வேண்டும்.

“யோவ் ஆபரேட்டரு, கப்பல் ரீலை எங்கய்யா வச்சிட்ட?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“அதான் வெடிச்சிட்சேபா. இப்ப அதுக்குத் தெவசம் நடந்துக்கினு இருக்குது,” என்றது இன்னொன்று.

அரங்கமே சிரித்தது. அம்மா என் காதருகே குனிந்து, “கப்பல் எப்பம்மா திரும்ப வரும்?” என்று கேட்டார்.

“இன்டர்வெல்லுக்கு அப்புறம்.”

இடைவேளைக்குப் பிறகு அவர் கேட்கவில்லை. முந்தானையை இழுத்து மடியை மூடிக்கொண்டார். அப்பா ஒருமுறையும் திரும்பவில்லை. அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே மீதிப் படத்தைக் கழித்தேன். அந்த நேரத்தில் நான் கற்ற ஆங்கிலம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடச் சம்மதித்திருப்பேன்.

வெளியே வந்ததும் மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “டிக்கெட்டு வாங்கித் தலைவலி வாங்கிக்கினோம்ணே. சரி, புது டிசைன் எங்க?”

மேனேஜரின் பார்வை சித்தியின் சேலையில் விழுந்தது. குனிந்து பார்த்தார்.

“நாலு காலு, தலை, முதுகுல ஓடு… ஆமையாண்ணே?”

“இல்ல சார், அது வந்து…” என்று உண்மையைச் சொல்லப் போனார் அப்பா.

“கூர்மாவதாரம்,” என்றார் சித்தி. “பெருமாள் கோயில் பக்கத்துல குடியிருந்துக்கினு வேற எதைங்க நெய்வோம்?”

“முதுகுல மூணு கட்டம் இருக்குதேம்மா?”

சித்தி கண் இமைக்காமல் என்னைக் கைகாட்டினார். “காலேஜு படிக்குது. அது சொல்லும்.”

“பாற்கடல் கடையறப்போ மந்தர மலை அழுந்தின தழும்பு, சார்,” என்றேன். (என் படிப்பு குடும்பத்துக்கு உதவிய முதல் தருணம் அது.)

மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நெய்து வைத்திருந்த எல்லாச் சேலைகளையும் கடைக்கு எடுத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முன்பு ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்த அப்பா, கை கழுவாமல் கூடத்தில் நின்றார். “ஒரு அம்மா வந்து, கூர்மாவதாரம் சேலை இருக்குதான்னு பேர் சொல்லிக் கேட்டாங்க,” என்றார். கை கழுவச் செம்பை எடுத்துக்கொண்டே, “நம்ம வச்ச பேர் இல்ல,” என்றார்.

“நம்ம வச்ச பேரைச் சொல்லியிருந்தா கல்லால அடிச்சிருப்பாங்க மாமா. சாப்பிட வாங்க,” என்றார் சித்தி.

அப்பா சிரித்தார். அதன்பின் பல தீபாவளிகளுக்கு அதே ஆமையைக் கேட்டு வாங்கினார்கள். கால்களை மட்டும் கொஞ்சம் குட்டையாக்கினோம். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தவறு செய்துவிட்டு அழகாகக் காரணம் சொன்னால், “மலை அழுந்தின தழும்பா?” என்று கேட்பார்கள். என் பிள்ளைகள் என்னிடமே கேட்கிறார்கள்.

சென்ற தையில் ஒரு திருமணத்தில், முன்பின் அறியாத ஒரு பெண்மணி அந்தச் சேலையில் வந்திருந்தார். பக்கத்தில் இருந்தவருக்குத் தழும்பின் கதையைப் பக்தியோடு விளக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைவிட அவர் நன்றாகச் சொன்னார். வீடு திரும்பி அம்மாவிடம் சொன்னேன். அப்பா இப்போது இல்லை, அவருக்குப் பின் சித்தியும் போய்விட்டார். அன்று அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அரங்கில் உட்கார்ந்தவர்களில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம்.