பாதரசக் கணக்கு

இன்டர்மீடியட்டில் பௌதிகம் படித்தவனை நம்பி யாரும் கல்யாண வேலையை ஒப்படைக்கக் கூடாது. என் அப்பா ஒப்படைத்தார். கல்யாணம் என் அக்காவுக்கு.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் ஒரு பெரிய அடுப்பு. அதில் கரி எரிந்து வரும் வாயுவை என்ஜின் உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் கரித்தூளைப் பிடிக்க ஒரு வடிகட்டி. அது அடைத்துக்கொண்டால் என்ஜின் பலமாக உறிஞ்ச வேண்டும். அந்த உறிஞ்சலை அளக்க, டிரைவர் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய். இரு பக்கத் தண்ணீருக்கும் உயர வித்தியாசம் பன்னிரண்டு அங்குலம் ஆனால், நிறுத்தி வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார்கள். (தமிழில்தான். சாக்குச் சொல்ல வழியில்லை.)

திருக்கோகர்ணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரைக் கீரமங்கலத்துக்கு அழைத்துவருவது என் பொறுப்பு. முதல் நாள் வெறும் பஸ்ஸில் போகும்போது, ஒவ்வொரு பள்ளத்திலும் குழாய்த் தண்ணீர் துள்ளி டிரைவர் கருப்பையா அண்ணன் மடியில் விழுந்தது. எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டார். நாட்டு மருந்துக் கடையில் பாதரசம் வாங்கி, தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றினேன். கனமான சரக்கு, துள்ளாது. துள்ளவும் இல்லை. அதுவரைக்கும் என் விஞ்ஞானம் சரி.

மறுநாள் காலை, ஆலங்குடி தாண்டியதும் பஸ் இருமத் தொடங்கியது.

“தம்பி, வண்டிக்கு மூச்சு முட்டுது. நிப்பாட்டி வடிகட்டியத் தட்டிப்புட்டு வாரேன்” என்றார் கருப்பையா அண்ணன்.

குழாயைப் பார்த்தேன். “பன்னெண்டு அங்குலம் வரைக்கும் போகலாம்ணே. ஒரு அங்குலந்தான் காட்டுது. ஓட்டுங்க.”

“படிச்ச புள்ள சொல்றீங்க” என்று ஓட்டினார்.

ஒரு மேட்டில் பாதி ஏறியதும் பஸ் நின்றுவிட்டது. பட்டுப்புடவைகள் இறங்கி நடந்தன. வேட்டிகள் தள்ளின. மாப்பிள்ளையும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளினார். நான் குழாயைப் பார்த்து, இப்போது வித்தியாசமே இல்லை, எல்லாம் மிகச் சரியாக இருக்கிறது என்று அறிவித்தேன். (நின்றுபோன என்ஜின் எதை உறிஞ்சும்?)

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார்.

“இதுல என்ன ஊத்தியிருக்கீங்க மாப்ள?”

“பாதரசம்.”

காகிதத்தைப் படித்தார். “பன்னெண்டு போட்டிருக்கறது தண்ணிக்கில்ல? பாதரசம் பதிமூணரை மடங்கு கனம். அது ஒரு அங்குலம்னா, தண்ணிக்குப் பதிமூணரை அங்குலமாச்சே.”

மக்குப் பையனுக்குச் சொல்வதுபோல் மெதுவாகத்தான் சொன்னார். (இதே கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் நான்.)

வெட்கம் தாங்காமல் நானே ஓடிப்போய் வடிகட்டியின் மூடியைத் திறந்து ஓங்கித் தட்டினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவில்லை. அந்தப் பக்கம் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

முகூர்த்தம் முடியக் கால்மணி இருக்கையில் வீடு சேர்ந்தோம். ஆரத்தித் தட்டோடு வந்த என் அத்தை, மாப்பிள்ளையையே பார்த்து, “மாப்பிள்ளை எங்கய்யா?” என்று கேட்டாள். கிணற்றடியில் இரண்டு பேர் நீர் இறைக்க, ஒருவர் தேய்க்க, எப்படியோ தாலி கட்டியாகிவிட்டது.

மச்சான் அதற்காக ஒருநாளும் என்னைக் கோபித்ததில்லை. ஆனால் இன்றைக்கும் நான், “ஒரு மணி நேரத்துல வந்துருவேன், சாப்பாடு ஒங்க வீட்டுலதான்” என்று சொல்லி அனுப்பினால், உள்ளே திரும்பி அக்காவிடம் சொல்வார்:

“ஒந் தம்பி வாரானாம். பதிமூணரை மணி நேரம் ஆகும். எலை இப்பப் போடாதே.”