நாக்பூருக்கு அப்பால் போக அத்தானிடம் ஒரு வார்த்தை

நாக்பூர்,
வியாழக்கிழமை.

மஸ்கட் வெயிலில் எங்களுக்காகப் பாடுபடும் அன்பான யோவான் அத்தானுக்கு, கருங்கல் நேசையன் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், உங்கள் மகள் ரெஜிஷா சுகம், வண்டி எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். உங்கள் பிரஷர் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இறங்காவிட்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து மேற்கொண்டு வாசிக்கவும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் 'அத்தான்' என்று தொடங்குமுன் நீங்கள் 'வேண்டாம்' என்று முடித்துவிடுவீர்கள். கடிதத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. விஷயம் இதுதான். கன்னியாகுமரியிலிருந்து லடாக் வரை மோட்டார் சைக்கிளில் போக வேண்டும் என்று ரெஜிஷா கேட்டபோது நீங்கள் இரண்டு சட்டம் போட்டீர்கள். ஒன்று, தாய்மாமன் நான் பின்னால் உட்கார்ந்து கூடவே போக வேண்டும். இரண்டு, நாக்பூரில் வண்டியை நிறுத்தி உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். நாக்பூர் வரை எந்த ஆஸ்பத்திரியில் நுழைந்தாலும் நம்ம ஊர் நர்ஸ் ஒருத்தி இருப்பாள், அதைத் தாண்டினால் நமக்கு யாரைத் தெரியும் என்று சொன்னீர்கள். இதோ நாக்பூர். ரத்தினம் வாத்தியாரின் மகள் சுபிதா இங்கே நர்ஸ்தான், அவள் வீட்டு வாசலில்தான் வண்டி நிற்கிறது. இனி மேலே போகலாமா என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தை தானாக வரும்படி, நாங்கள் எப்பேர்ப்பட்ட ஏற்பாட்டோடு எவ்வளவு சொகுசாக வந்து சேர்ந்தோம் என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

முதலில் சாமான் கட்டியது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன்தான், ஆனால் பயணம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சாக்கில் ஏத்தங்காய் உப்பேரி, கருப்பட்டி, மரச்சீனி வற்றல், ஒரு கோரைப்பாய், தலையணை, மண்ணெண்ணெய் ஸ்டவ், அதோடு ஒரு தேங்காய்த் துருவி. வடக்கே தேங்காய் கிடைத்தாலும் துருவி கிடைக்காது என்பது என் கணக்கு. ரெஜிஷா சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். "மாமா, நாம லடாக்குக்குப் போறோமா, இல்ல குடி மாறிப் போறோமா?" என்று கேட்டு எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். பிறகு அவள் சாமானை எடுத்து வைத்தாள் பாருங்கள், அத்தான், ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கத்தி அடுக்கிய மாதிரி. மழை வந்தால் எடுப்பது மேலே, ராத்திரி மட்டும் எடுப்பது அடியில், வண்டி கோளாறு பண்ணினால் எடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் அகப்படுகிற பக்கப் பையில். தோளுக்கும் முட்டிக்கும் முழங்கைக்கும் அட்டை வைத்த சட்டை, கைக்கு உறை, கணுக்காலுக்கு மேல் ஏறுகிற பூட்ஸ். முதுகில் ஒரு தண்ணீர்ப் பை, அதிலிருந்து ஒரு குழாய் நேராக வாய்க்கு வருகிறது, ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றின மாதிரி. தாகம் எடுத்த பிறகு குடித்தால் நேரம் தப்பிவிட்டது என்று அர்த்தமாம், அதற்கு முன்னாலேயே சிறுகச் சிறுக உறிஞ்ச வேண்டுமாம். நான் அப்படியே மலைத்து நின்றுவிட்டேன். ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். பின் சீட்டு பலகை மாதிரி இருந்தது. வெளிநாட்டுக்காரன் இதற்கென்று மெத்தை செய்து விற்கிறானாம். ரப்பர் மரத்துக்கு அடியிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு எதற்கு அவன் மெத்தை? நம்ம தோட்டத்து ரப்பர் ஷீட்டைப் புகைக்கூட்டுக்குள் விடாமல் பச்சையாகவே எடுத்து, சீட்டின் அளவுக்கு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுநடுவே சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைத் திணித்து, என் பழைய லுங்கியால் மூடித் தைத்தேன். உட்கார்ந்து பார்த்தால், அத்தான், மந்திரி நாற்காலி தோற்றுவிடும். நாற்றம் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ரெஜிஷா மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெயில்ல இது இளகாதா மாமா?" என்று கேட்டாள். "ஏட்டி, ரப்பரப் பத்தி நீ எனக்குச் சொல்லாண்டாம்" என்று அடக்கிவிட்டேன்.

குமரி முனையில் கடலைத் தொட்டுக் கும்பிட்டுப் புறப்பட்டோம். சுசீந்திரம் தாண்டும்போது வயல் காற்று அடித்தது, நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். திருநெல்வேலி பைபாஸில் நாய்கள் மோப்பம் பிடித்து விரட்டின, அதுவும் ஒரு மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். கோவில்பட்டி தாண்டியதும் வெயில் தன் குணத்தைக் காட்டியது. விருதுநகர் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தி, "இறங்குங்க மாமா" என்றாள். நான் எழும்பினேன். எழும்பவில்லை. அதாவது நான் எழும்பினேன், வேட்டி எழும்பவில்லை. பச்சை ரப்பர் இளகி, லுங்கியைத் தாண்டி, வேட்டியைத் தாண்டி, என்னை அன்போடு பிடித்துக்கொண்டுவிட்டது. இழுத்தால் சவ்வு மாதிரி நீளுகிறது, விட்டால் திரும்ப உட்கார வைக்கிறது. கூட்டம் கூடிவிட்டது. "அசையாதீங்க மாமா, அசைஞ்சா மானம் போயிரும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை பதறாமல் சாவியைப் போட்டுப் பின் சீட்டை மட்டும் தனியே கழற்றினாள். நான் சீட்டோடு டீக்கடைக்குள் நடந்து போனேன். டீ மாஸ்டர் ஆற்றுகிறதை நிறுத்திவிட்டு, "என்ன அண்ணாச்சி, உக்கார எடம் இருக்காதுன்னு வீட்ல இருந்தே கொண்டாந்துட்டீகளா?" என்று கேட்டார். ரெஜிஷா பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, அதன்மேல் என்னை உட்கார வைத்தாள். குளிர்ந்தால் ரப்பர் விறைக்கும், விறைத்தால் விடும். இந்த யோசனை எனக்கும் ஏற்கெனவே வந்ததுதான், பல் கிட்டிப்போனதால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. விட்டது, அத்தான். வேட்டியில் பாதி விடவில்லை. அதை விருதுநகருக்கே தானமாக விட்டுவிட்டோம்.

ஆனால் மதுரைக்கு அப்புறம்தான் பயணம் என்றால் என்னவென்று உலகத்துக்குத் தெரிந்தது. வண்டிக்காற்று காதில் நாள் முழுக்க இரைந்தால் உடம்புக்கு முன் மூளை களைத்துவிடும் என்று நான் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டேன். களைத்த பிறகு நிறுத்தாமல் களைக்குமுன்பே நிறுத்தினேன். மரநிழலில் கையைக் காலை நீட்டி மடக்கி, இடுப்பைத் திருப்பி, கழுத்தைச் சுழற்றி, ஆடு மேய்க்கிறவர்கள் சிரித்தாலும் வெட்கப்படாமல் செய்தேன். குண்டும் குழியும் வந்தால் சீட்டை விட்டு எழும்பி, கால் வைக்கிற கம்பியில் நின்றேன், குலுக்கலை முட்டி வாங்கிக்கொள்ளும், முதுகு தப்பிக்கும். அனந்தப்பூர் வெயிலில் மற்றவர்கள் சட்டையைத் திறந்து போட்டுக்கொண்டு போகிறார்கள், நானோ உள் பனியனை நனைத்து, கழுத்தில் ஈரத்துணி சுற்றி, மேலே சட்டையை இழுத்துப் பூட்டினேன். உள்ளே கொடைக்கானல், வெளியே அடுப்பு. ரெஜிஷாவும் ஒரு குறையும் இல்லாமல் வந்தாள்.

கர்நூல் தாண்டி ஒரு வெட்டவெளி. இரண்டு பக்கமும் பருத்திக்காடு, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு தென்னை கிடையாது. தென்னை இல்லாமலும் ஆண்டவர் பூமியைப் படைத்திருக்கிறார், அத்தான், அதிலும் மனுஷர் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். அங்கே பின் டயர் பஞ்சர். நான் கலங்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, டயரில் எச்சில் தொட்டுத் தொட்டுக் காற்றுக் கொப்பளிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைத் துருவி, பசை தடவிய ரப்பர்த் திரியைக் குத்தி இறக்கி, கைப்பம்பால் காற்றடித்தேன். நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் உதவலாமென்று இறங்கி வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். "நான் இருபது வருசமா ரோட்டுல கெடக்கறேனுங்க, இத்தன சுத்தமா ஒருத்தரும் பஞ்சர் போட்டுப் பாக்கலீங்க" என்று சொல்லி, தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நிர்மலுக்கு முன்னால் கோதாவரி. நம்ம திற்பரப்பு அருவியில் வெள்ளம் பெருகும்போது பார்த்து வாய்பிளந்தவர்கள் நாம். அதை இதற்குள் விட்டால் ஒரு வாய் தண்ணீர் என்று குடித்துவிடும். பாலம் முடியவே இல்லை. சூரியன் அந்தத் தண்ணீரில் எழும்பி வந்தபோது, பைபிளில் சங்கீத புஸ்தகம் எழுதினவர் ஏன் அப்படித் துதித்து எழுதினார் என்று விளங்கியது. நான் அழுதுவிட்டேன்.

அடிலாபாத்தில் மழை. சாலையே தெரியாத மழை. எவ்வளவு தூரம் பாக்கி இருந்தாலும் இருட்டியபின் ஓட்டக்கூடாது என்பது சட்டம், அதனால் ஒரு லாட்ஜில் ஏறினேன். கவுண்டரில் இருந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அறை இல்லை என்றான். அவன் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்குகின்றன. நான் கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. சொட்டச் சொட்ட நனைந்த ஹெல்மெட்டை அவன் மேஜைமேல் வைத்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டேன், அடையாள அட்டையை எடுத்து அவன் முன் நீட்டி, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறை வந்தது. வெந்நீரும் வந்தது.

இத்தனையும் கடந்துதான் நாக்பூர். ஆகவே, அத்தான், மேலே போக ஒரு தடையும் இல்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பின்னால் நான் இருக்கிறேன்.

உங்கள் கையின் பிரயாசத்தை ஆண்டவர் பெருக்கட்டும், உங்கள் அரபி முதலாளிக்கும் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். அறையில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் விசாரிப்பு.

உங்கள் பதிலுக்காக வழி பார்த்திருக்கும்,
மைத்துனன் நேசையன்.

பின்குறிப்பு: எழுதி முடித்ததை ரெஜிஷாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். ஏன் போனில் என்று கேட்பீர்கள். அவள் நாக்பூரில் இருக்கிறாள், நான் கருங்கலில் இருக்கிறேன். கடைசி வரை கேட்டாள், சிரித்தாள். "அப்ப, அப்பாவுக்கு எல்லாம் தெரியும்னு மதுரைல என்கிட்ட சொன்னது?" என்று கேட்டாள். நான் நாக்பூர் வெயிலை விசாரித்தேன். "மாமா, கத கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா பொய் சொல்லி வாங்குன சம்மதத்துல நான் ஒரு மலையும் ஏற மாட்டேன். உள்ளத எழுதுங்க. இல்லேன்னா நாளைக்கே வண்டியத் திருப்புவேன்" என்றாள்.

உள்ளது இது. மதுரையில் நான் இறங்கிவிட்டேன், அத்தான். முதல் நாளே. இடுப்பு பிடித்துக்கொண்டு குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. உங்களிடம் பேசிவிட்டதாகவும் நீங்கள் 'தனியாப் போகட்டு' என்று சொன்னதாகவும் அவளிடம் அடித்துவிட்டேன். உங்களுக்குத் தினமும் ஊர்ப்பெயர் சொன்னது அவள் அனுப்பின செய்தியைப் பார்த்துத்தான். உங்கள் வீட்டுக்காரி பெமிலா அக்காவுக்குத் தெரியும், அவள்தான் எனக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே திட்டினாள். மகள்மேல் ஒரு குற்றமும் இல்லை, கோபம் முழுவதையும் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் மேலே மதுரைக்கு அப்புறம் 'நான்' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'ரெஜிஷா' என்று வாசிக்கவும். 'ரெஜிஷா' என்று வருகிற இடத்தை மாற்ற வேண்டாம், அதுவும் அவள்தான். அந்த வெட்டவெளியில் தனியாகக் குத்த வைத்து உட்கார்ந்து பஞ்சர் போட்டது அவள். தனியாக வந்த பெண்ணுக்கு அறை இல்லை என்றவனை உட்கார்ந்தே ஜெயித்தது அவள். கோதாவரியை அவள் பாலத்தைத் தாண்டி நிறுத்திப் போனில் காட்டினாள், அழுதது மட்டும் நான், அதுவும் கருங்கல் சந்தையில் வைத்து. மீன் விற்கிற சிலுவையம்மாள், "சாளைக்கு நான் அப்படி என்ன வெல சொல்லிட்டேன்னு இந்த அழுவ அழுவுதிய?" என்று கேட்டாள்.

நம்ம பிள்ளை உங்கள் சம்மதம் இல்லாமல் நாக்பூரை விட்டு நகர மாட்டாள். நம்ம ஊர்ப் பையன் லிஜின் நாளைக்கு மஸ்கட்டுக்குப் பிளேன் ஏறுகிறான், இந்தக் கடிதத்தை அவன் கையில்தான் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்ன பிறகு மறுபடி கூப்பிட்டு அவள் எடுக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், அத்தான். ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.